ஒற்றை வள்ளம்

காலையில் தணலை மாட்டிக்கொள்வதற்கு முன்னால் செண்பகவடிவு கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்து, தன்னைத் தானே கிளப்பிவிட்டுக்கொள்ளப் பார்ப்பாள். முன்பெல்லாம் அதற்கு அவசியமே இருந்ததில்லை. சிப்பிமுனைக் கடற்சுவர் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், அடிவயிற்றிலிருந்து ஒரு வேகம் புறப்பட்டு வரும். இப்போது எவ்வளவு துழாவினாலும் கைக்கு ஒன்றும் தட்டுப்படுவதில்லை. பங்குனியிலிருந்தே இப்படித்தான். ஒரு நாள் எழுந்து பார்த்தாள், அது இல்லை. பெரிய சண்டையோ சாவோ நடந்திருந்தால் காரணம் சொல்லிக்கொள்ளவாவது வசதியாக இருந்திருக்கும்.

வேறு யாருக்காவது இது நேர்ந்திருந்தால் பாதகமில்லை. ஆர்வம் செத்துப்போன பிறகும் ஓய்வு பெறுகிறவரை நாற்காலியைத் தேய்க்கிற அதிகாரிகளுக்கு நாட்டில் பஞ்சமா என்ன? வடிவுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அவள் மனம் அவளுக்கு மட்டும் சொந்தமானதாக இல்லை.

தணல் என்பது புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி. அரசாங்கக் காகிதங்களில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. அது வந்த வாரத்திலேயே சிப்பிமுனைக்காரர்கள் அதைத் தணல் ஆக்கிவிட்டார்கள். தலைமைப் பொறியாளரின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருப்பது தாய்த்தணல். வேலையாட்கள் மணிக்கட்டில் வாராகக் கட்டியிருப்பது பிள்ளைத்தணல். தலைவருக்கு வேலையின் மேல் இருக்கிற வெறியைத் தாய் வாங்கி, பிள்ளைகள் வழியாக அத்தனை பேர் உடம்பிலும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றிவிடும். மைக் பிடித்துப் பேச வேண்டாம், தோளில் தட்டிக்கொடுக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். தலைவர் மனதார ஆசைப்பட்டால் போதும்.

அது வேலை செய்யவும் செய்தது. சிப்பிமுனையில் கடல் தெருத்தெருவாக ஊரைத் தின்றுகொண்டிருந்தது. மாதா கோயில் படியில் அலை வந்து மோதியபோதுதான் சுவர் கட்ட அனுமதி வந்தது. மீன்பாடு போய் வெறுங்கையோடு நின்ற கடல்காரர்களையே வேலைக்கு எடுத்தார்கள். அவர்கள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. பிடிக்கவில்லை என்றால் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கரைக்குப் போய்விடுவார்கள். வடிவுக்கு முன்னால் வந்த இரண்டு தலைமைப் பொறியாளர்களை அப்படித்தான் அம்போவென்று விட்டுவிட்டுப் போனார்கள். வடிவு வந்தாள், தணலும் வந்தது. பிறகு யாரும் போகவில்லை.

ஆனால் தணலுக்கு ஒரு கெட்ட குணம். இது வேலை உணர்ச்சி, இது வீட்டு உணர்ச்சி என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. உள்ளே எது மேலோங்கி நிற்கிறதோ அதைத் தூக்கிக் கொடுத்துவிடும். இரண்டாம் வருடத்தில் ஒரு நாள், தணலைக் கழற்ற மறந்து, பெங்களூரில் இருக்கிற மகள் தாமரையோடு போனில் மல்லுக்கட்டினாள். “நூறு பேருக்கு உன் மனசு தெரியும். எனக்குத்தான் தெரியாது” என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்துவிட்டாள். அதே நேரம் மிதவையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன் காரணம் தெரியாமல் விம்மி அழுது, கான்கிரீட் பாளத்தைப் பக்கத்துப் படகின் மேல் இறக்கிவிட்டான். படகில் ஆள் இல்லாதது அந்தோணியார் புண்ணியம்.

அதன் பிறகு கம்பெனி விதிகளை இறுக்கியது. தலைவர் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. வேலைக்கு வெளியே பேச்சு வார்த்தை கூடாது. வடிவு கடலுக்குள் நிற்கும் மேடையில் ஒரு கன்டெய்னர் அறைக்குக் குடிபோனாள். சாப்பாடு தூக்குவாளியில் வரும். கதவுக்கு வெளியே வாளி வைக்கிற சத்தம் கேட்கும். அவள் எழுந்து திறப்பதற்குள் படகு போயிருக்கும். மகளோடு பேச்சு முதலில் பகலில் நின்றது, பிறகு வாரத்துக்கு ஒன்றானது, கடைசியில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு வரிச் செய்தியில் வந்து நின்றது. வேலை பெரிது என்று அவள் உண்மையாகவே நம்பினாள். நம்பிக்கை இருந்தவரை அதெல்லாம் உறைக்கவில்லை.

இப்போது அவளுக்குப் புரியாத விஷயம் ஒன்றே ஒன்று. அடுப்பு அணைந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. உலை மட்டும் கொதித்துக்கொண்டே இருக்கிறது. ஆட்கள் முன்னைவிட வேகமாக வேலை செய்தார்கள். லீவு கேட்பது குறைந்தது. மழையில் போகச் சொன்னாலும் போகாமல் நின்றார்கள். அவர்கள் உழைப்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தான் ஒரு மோசடிக்காரி என்ற எண்ணம்தான் வலுத்தது.

ஐப்பசியில், சுவரின் கடைசி இடைவெளியை அடைக்க ஒரு நாள் இருக்கும்போது, கருவியைச் சோதிக்க நிரஞ்சன் என்கிற ஆள் கம்பெனியிலிருந்து வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். படகில் வாந்தி எடுத்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அவள் காதுக்குப் பின்னால் எதையோ வைத்துவிட்டு டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு இந்த வேலை பிடிக்குதுங்களா?”

“என்ன கேள்வி தம்பி இது?”

“இல்லைங்க. வேலை மேல இருக்க வேண்டிய ஆர்வம் உங்ககிட்ட மார்ச்லேருந்து சுத்தமா இல்லை. கொஞ்சநஞ்சம்கூட.”

இந்த நிமிடத்தை நினைத்து அவள் எத்தனையோ முறை பயந்திருக்கிறாள். வந்த பிறகு அப்பாடா என்றுதான் இருந்தது.

“ஆமா. போயிட்டு” என்றாள்.

“அப்ப இவ்வளவு நாள் எப்படி ஓட்டினீங்க?”

“காலையில எந்திரிச்சு மூஞ்சியக் கழுவிட்டு வந்து நிப்பேன். சாயங்காலம் வரைக்கும் நிப்பேன். வேற என்ன செய்ய?”

“நடிப்பெல்லாம் இதுல ஏறாதுங்க” என்று நிரஞ்சன் தலையைச் சொறிந்தான். “ஆனா உங்ககிட்டேருந்து ஏதோ ஒண்ணு போயிட்டிருக்கு. முன்னாடி போன ஆர்வத்தைவிட ரொம்பப் பலமா. பேர் சொல்ல இதுக்குத் தெரியலை, பலத்தைத்தான் காட்டுது. எங்க வேற எந்தத் தளத்துலயும் இந்தத் திரையில இப்படி ஒரு கோடு வந்து நான் பார்த்ததில்லைங்க.”

“பயமா இருக்கும்.”

“பயமா இருந்தா அவங்க எப்பவோ ஓடியிருப்பாங்க.” அவன் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தான். “என்னன்னு தெரியாத ஒண்ணை ஆளுங்க உடம்புல ஏத்தக் கூடாது மேடம். சட்டம். அனுப்புறதை இப்பவே நிறுத்தியாகணும். அளக்கிறதை மட்டும் விட்டு வைக்கிறேன். அப்புறம், நிறுத்தியாச்சுன்னு அவங்ககிட்ட நீங்களே சொல்லணும். சொல்லாம கடல்ல இறக்கினா கேஸாயிடும்.”

“நாளைக்கு ஒரு நாள் விட்டுக் குடு தம்பி.” அவள் குரல் கெஞ்சியது, அது அவளுக்கே பிடிக்கவில்லை. “நாளைக்கு சுவரோட வாயை அடைக்கோம். வாடைக்காத்து தொடங்கியாச்சுன்னா அடைக்க முடியாது. அந்த ஒரு வாய் வழியா மொத்தக் கடலும் உள்ள பாயும். சுவரே கட்டாம இருந்ததவிட மோசம். ஊரு போயிரும். தணல் இல்லன்னு சொன்னா ஒருத்தர் நிக்க மாட்டாங்க.”

“எனக்குப் புரியுதுங்க” என்று அவன் வருத்தமாகத்தான் சொன்னான். சொல்லிக்கொண்டே அணைத்தான்.

அன்று மாலை அவள் மேடையின் விளிம்பில் நின்று கரையைப் பார்த்தாள். வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. எந்த வீடு யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. தாமரையைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தாள். எடுத்ததும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வைத்துவிட்டாள். தனியாக இருக்கிறோம் என்பது அவளுக்குப் புதிய செய்தி இல்லை. நாளைக்கு நூறு பேர் விட்டுவிட்டுப் போகிறபோது அது ஊருக்கே தெரியப்போகிறது என்பதுதான் புதிது.

மறுநாள் ஆட்கள் மிதவையில் கூடி நின்றார்கள். முன்னால் இஞ்ஞாசி பர்னாந்து. ஒரு காலத்தில் சொந்தப் படகு வைத்திருந்தவர், இப்போது வேலையாட்களுக்குத் தலைவர். அவர் பக்கத்தில் முக்குளிக்கிற டெல்பின், இடுப்பில் கயிற்றோடு. வடிவு அவர்கள் முன்னால் வந்து நின்றாள். வருடக்கணக்கில் அவள் இவர்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அதற்கு அவசியம் இல்லாமல் தணல் பார்த்துக்கொண்டது.

“தணலை அணைச்சாச்சு. இன்னிக்கு என்கிட்டேருந்து உங்களுக்கு ஒண்ணும் வராது” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சட்டம் அவ்வளவுதான் கேட்டது. “இன்னொண்ணும் சொல்லணும். எனக்கு இந்த வேலை மேல இருந்த சூடு பங்குனியிலேயே போயிட்டு. இருக்கிற மாதிரி உங்க முன்னால நின்னேன். ஏமாத்துனதுதான். போறவங்க போகலாம், தடுக்க மாட்டேன்.”

இஞ்ஞாசி அவளைப் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்தார்.

“நீவாடு தணியப் போவுது” என்றார் பொதுவாக, நீரோட்டத்தைக் கணித்து. “டெல்பின், கண்ணாடியப் போடு. மத்தவன்லாம் என்னலே பாத்துக்கிட்டு நிக்கிய?”

அவ்வளவுதான். கூட்டம் கலைந்து அவரவர் இடத்துக்குப் போனது. தணல் வாரைக் கழற்றி எறியக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

ஏற்றமும் இல்லாமல் வற்றமும் இல்லாமல் கடல் சற்று நேரம் சும்மா நிற்கும். அதற்குள் கடைசிப் பாளத்தை வாயில் இறக்கிவிட வேண்டும். டெல்பின் அடியில் போய்விட்டாள். கிரேன் பாளத்தைத் தூக்கி இடைவெளிக்கு மேல் கொண்டுவந்தது. பாதி இறங்கியபோது கம்பிவடம் முறுக்கிக்கொண்டு பாளம் மெல்லச் சுழலத் தொடங்கியது. சுழன்றால் அடியில் இருக்கிறவளைச் சுவரோடு வைத்து நசுக்கிவிடும். முன்பு இப்படி ஆனால் வடிவின் நெஞ்சு பதறிய அந்தக் கணமே அத்தனை கைகளும் நின்றுவிடும். இன்று யாருக்கும் ஒன்றும் போகவில்லை. கம்பிவடத்தை இறக்குகிற வின்ச்சைப் பிடித்திருந்தவன் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட அவளுக்குப் பெயர் தெரியவில்லை. இத்தனை வருடம் அவன் கையை நம்பி வேலை நடந்திருக்கிறது, அவன் பெயர் என்னவென்று அவளுக்குத் தெரியாது.

“ஏய்! நிறுத்துப்பா! டெல்பின் அடியில இருக்கா, நிறுத்து!”

அப்படி ஒரு அலறல் தன்னிடம் இருந்தது அவளுக்கே தெரியாது. வின்ச் நின்றது. இஞ்ஞாசியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் பக்கக் கயிற்றில் தொங்கிப் பாளத்தை இழுத்து நிறுத்தினார்கள். டெல்பின் அடியிலிருந்து இரண்டு முறை கயிற்றைச் சுண்டினாள், சரி என்று அர்த்தம். பாளம் இறங்கி உட்கார்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஊர் பிழைத்தது. கரையில் யாரோ வெடி போட்டார்கள்.

ஆட்கள் படகில் சாமான்களை ஏற்றத் தொடங்கியபோது வடிவு சுவரின் மேல் இஞ்ஞாசியிடம் வந்தாள். டெல்பின் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி நிரஞ்சன், கையில் டேப்லெட்டோடு.

“ஏன் போகல அண்ணாச்சி?” என்று கேட்டாள். “நான் சொன்னத நீங்க நம்பலையா?”

“சூடு போனது எங்களுக்கும் அன்னைக்கே தெரியும் மேடம். அதான் கையிலயே கட்டியிருக்கோம்லா.” இஞ்ஞாசி மணிக்கட்டைத் தடவினார். “சூடு நின்னு வேற ஒண்ணு வந்துச்சு. எங்களுக்கு மொதல்ல பிடிபடல. இவதான் சொன்னா.”

டெல்பின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். “எங்க அப்பா ஒருக்க இஞ்சின் நின்னு நடுக்கடல்ல ஒத்தையில கெடந்தாவ. கரையும் தெரியல, ஒரு வெளக்கும் தெரியல. அத எங்ககிட்ட அடிக்கடி சொல்லுவாவ. அதே மாதிரி இருந்துச்சு மேடம். சுத்தி ஆளு நிக்கி, ஆனா ஒருத்தரும் இல்ல. எனக்கு அழுவாச்சியா வந்துச்சு.”

வடிவுக்கு முகம் சுட்டது. தன் ஆர்வத்தைத் தொலைத்ததை மறைக்க அவள் இத்தனை மாதம் பாடுபட்டிருக்கிறாள். மறைக்க வேண்டும் என்று நினைத்துக்கூடப் பார்க்காத தனிமை காலை முதல் மாலை வரை எல்லார் உடம்பிலும் ஓடியிருக்கிறது.

“கொஞ்சப் பேரு வாரக் கழட்டி எறிஞ்சிட்டுப் போயிருவோம்னானுவ” என்றார் இஞ்ஞாசி. “கோயில் முத்தத்துல கூடிப் பேசினோம். எங்க கடல்ல ஒரு வழக்கம் உண்டு. ஒத்த வள்ளம் ஒண்ணு தத்தளிச்சிட்டுக் கெடக்கிறதப் பாத்துட்டா, அத விட்டுட்டு நாம கரைக்கு வரக் கூடாது. நம்ம படகுல மீனு அழுகினாலும் சரி. பக்கத்துல நிக்கணும். அதான் நின்னோம். நீங்களும் சூடு போனப் பெறவு ஓடிப் போவலையே. தெனமும் வந்து நின்னிய. பெறவு நாங்க எப்படிப் போக?”

“பக்கத்துல நின்னியளா?” அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. “என் கதவ ஒருத்தர்கூட ஒருநாளும் தட்டலையே அண்ணாச்சி. வாளிய வச்சிட்டு ஓடுனிய. ஒரு வார்த்த, சாப்ட்டியான்னு ஒரு வார்த்த கேக்கலையே.”

இஞ்ஞாசி உண்மையிலேயே திகைத்துப் போனார்.

“கேக்காம எப்படிம்மா கயிறு எறிய? அந்த வள்ளத்துக்காரன் இடுப்புச் சாரத்த அவுத்துத் துடுப்புல கட்டித் தூக்கிக் காட்டுனாத்தான் கயிறு எறிவோம். அதுவரைக்கும் பக்கத்துல நிக்க மட்டும்தான் செய்வோம். அவன் கேக்காம எறிஞ்சா, ஒன்னால கரை சேர முடியாதுலேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுத மாதிரி. எவ்வளவு பெரிய அவமானம். நீங்க எங்க தலைவி. நீங்க தூக்குவிய, தூக்குவியன்னு பாத்துக்கிட்டே இருந்தோம்.”

வடிவு அம்பாசமுத்திரத்துக்காரி. அவளுக்குத் தெரிந்தது ஆறும் வாய்க்காலும்தான். கடலில் உதவி கேட்க ஒரு முறை உண்டு என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மரியாதை குறைந்துவிடக் கூடாதே என்று நூறு பேர் அவளைச் சுற்றி நின்று, அவளைத் தனியாகவே விட்டிருக்கிறார்கள்.

“இன்னிக்கு கோயில்ல அசனம் வச்சிருக்கு, ஊருக்கே சாப்பாடு” என்றார் இஞ்ஞாசி. வா என்று சொல்ல வாயெடுத்தது தெரிந்தது. சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு டெல்பினோடு படகில் ஏறினார். இஞ்சின் சத்தம் கிளம்பியது.

நிரஞ்சன் பக்கத்தில் வந்து நின்றான். வாந்தியெல்லாம் போய் முகம் தெளிந்திருந்தது.

“மேடம், உங்களை மாத்தப் போறதில்லைங்க. இப்பத்தான் ஹெட் ஆபீஸ்ல பேசினேன். சொன்னதும் ஆடிப்போயிட்டாங்க. ஆர்வம்னா ஏறும், இறங்கும், ஒரு நாள் தீர்ந்தும் போயிடும். இது பாருங்க, இறங்கவே இல்லை.” டேப்லெட்டில் இருந்த கோட்டைக் காட்டினான். “அடுத்த தளம் இன்னும் உள்ள, ஒரு தீவுல. கடல்காரங்கதான் அங்கயும். உங்களைத்தான் தலைமைக்குக் கேக்கறாங்க. மத்த தளத்துலயும் தலைவருங்களுக்கு இதே ஏற்பாடு பண்ணலாம்னு பேச்சு. அறையைக் கொஞ்சம் தள்ளிப் போடணும், போனைக் குறைக்கணும், அவ்வளவுதான்.”

“நான் என்ன செய்யணும்?”

“புதுசா ஒண்ணும் வேண்டாங்க. இப்ப இருக்கிற மாதிரியே இருந்தா போதும்.”

வடிவு அவனைப் பார்த்தாள். கெட்டவன் இல்லை. கொடுத்த வேலையைச் சரியாகச் செய்கிறவன்.

“தம்பி, ஒனக்குக் கல்யாணம் ஆயிட்டா?”

“ஆயிடுச்சுங்க. பையன் இருக்கான்.”

“நாளைக்கு ஒன்னை ஒரு தளத்துக்குத் தலைவரா போட்டா போவியா?”

நிரஞ்சன் டேப்லெட்டைப் பார்த்தான்.

இவ்வளவு பெரிய பாராட்டு அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. எல்லாத் தளங்களிலும் சிறந்த தலைவி. வேண்டாம் என்று சொல்ல மனம் முதலில் வரவில்லை. கூச்சத்தை விட்டுச் சொன்னால், ஆசையாகக்கூட இருந்தது. படகு போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்தவர்களின் முதுகுகள் சின்னதாகிக்கொண்டு வந்தன. அவர்களில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதும் மரியாதைக் குறைவோ என்னவோ.

ஆழம் பார்க்கிற மூங்கில் கோல் ஒன்று சுவரின் மேல் கிடந்தது. வடிவு போட்டிருந்த ஆரஞ்சு நிற மேல்சட்டையைக் கழற்றி, அதன் நுனியில் இறுக்கிக் கட்டினாள். முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. கோலை நிமிர்த்தித் தூக்கிப் பிடித்தாள். வெட்கமாக இருந்தது. ஐம்பதை நெருங்குகிற பொம்பளை, கடலைப் பார்த்துக் கொடி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தோள் வலித்தது. இஞ்சின் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. கோலை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினாள்.

சத்தம் நின்றது. பிறகு மறுபடி கிளம்பியது, இந்த முறை பெரிதாகிக்கொண்டு. படகின் முன்னால் டெல்பின் எழுந்து நின்றிருந்தாள். அவள் கையில் கயிற்றுச் சுருள் இருந்தது. இத்தனை மாதமும் கையிலேயே வைத்திருந்தவள் போல அவ்வளவு சீக்கிரம் எடுத்திருந்தாள்.

நிரஞ்சன் டேப்லெட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். “மேடம்” என்றான் கவலையாக, “கோடு இறங்குதுங்க.”

இறங்கட்டும் என்று வடிவு கோலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.